அப்பாவின் குடி (வம்சம்) வேறு என்றால் கடாசில் பிள்ளைக்கு வராதா? வெளிநாட்டு ஆய்வுக்கு இரத்தம் கொடுக்கலாமா?

கேள்வி: திருக்கோவிலில் இருந்து, 2025 ஜனவரி 11

சிட்னியில் இருக்கிற பெரியப்பாவின் மகனுக்குப் போன வருடம் கை விறைத்து வாய் கோணி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வயது 44. சிகரெட் இல்லை, சீனி வருத்தம் இல்லை. ஸ்கேன் எடுத்து இரத்தமும் பார்த்துவிட்டு, கடாசில், மூளையின் சின்ன இரத்தக்குழாய்களைப் பிடிக்கிற பரம்பரை வருத்தம் என்று சொல்லியிருக்கிறார்கள். உறவினர்களுக்குக் கொடுக்கச் சொல்லி அங்குள்ள மரபியல் கிளினிக் ஒரு கடிதம் தந்திருக்கிறது. இலங்கையில் உள்ள குடும்பத்தினரும் இரத்தம் தருவார்களா என்று ஓர் ஆய்வுக் குழுவும் கேட்கிறதாம். என் அப்பாவுக்கு 47 வயதில் பாரிசவாதம் வந்தது. மாமா சொல்கிறார்: அது உங்கட அப்பாவின் குடியில் ஓடுகிற வருத்தம், நீங்கள் அம்மாவின் குடி, உங்களுக்கு வராது, வெளிநாட்டுக்காரனுக்கு இரத்தம் கொடுத்து ஏன் ஊருக்குள் பெயரைக் கெடுக்கிறீர்கள் என்று. தங்கச்சிக்குக் கலியாணம் பேசுகிற நேரம். விளங்கினவர்கள் சொல்லுங்கள்.

2025 ஜனவரி 11, இரவு (களுவாஞ்சிகுடியில் இருந்து)

மாமாவின் கணக்கு பிழை தம்பி. மற்றதெல்லாம் பிறகு, இதை முதலில் சொல்லிவிடுகிறேன். குடி தாய்வழியில் மட்டும் வரும். இந்த வருத்தம் தாய்வழியிலும் வரும், தகப்பன்வழியிலும் வரும். 19ஆவது குரோமோசோமில் உள்ள நோட்ச்3 என்ற மரபணுவில் ஏற்படுகிற மாற்றம் இது. அந்த மரபணு நம் எல்லோரிடமும் இரண்டு பிரதி இருக்கிறது, ஒன்று அம்மா தந்தது, மற்றது அப்பா தந்தது. இரண்டில் ஒன்று மாறியிருந்தாலே போதும். மாற்றம் உள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆணா பெண்ணா என்று பார்க்காது. மூத்தவருக்கு வந்துவிட்டது, ஆகவே இளையவர் தப்பினார் என்ற கணக்கும் கிடையாது.

உங்கள் அப்பாவிடம் அது இருக்கிறதா என்று இன்னும் யாரும் பார்க்கவில்லை. 47இல் வாதம் வரப் பிரஷர், சீனி, சிகரெட் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் கூடப்பிறந்தவரின் மகனுக்கு உறுதியான பிறகு அதைப் பார்க்காமல் விடுவது சரியில்லை. அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

என் அண்ணனுக்கும் இதே வருத்தம்தான். முப்பது வயதில் தலையிடி தொடங்கியது. முதலில் கண்ணுக்குள் ஒரு வெளிச்சம் நெளிந்து நெளிந்து ஓடும், கொஞ்ச நேரம் சொல்ல வந்த சொல் வராது, பிறகு ஒரு பக்கம் மட்டும் தலை வெடிக்கும். கண்ணாடி மாற்றிப் பார்த்தோம். நாற்பதைத் தாண்டியதும் இடது கால் இழுத்தது. ஒரு வருடம் கழித்து இன்னொன்று. கோவிலில் கேட்டார்கள், செய்வினை என்றார்கள், கழிப்புக் கழித்தோம். லண்டனில் உள்ள மச்சாளுக்கு இதே போல் வந்து அங்கே பெயர் சொன்ன பிறகுதான் அண்ணனின் பழைய ஸ்கேனை எடுத்து இன்னொரு டொக்டரிடம் காட்டினோம். கண்ணுக்கும் காதுக்கும் இடையில் உள்ள பொட்டுக்கு நேர் உள்ளே, இரண்டு பக்கமும், மூளையின் வெள்ளைப் பகுதியில் திட்டுத் திட்டாக இருந்ததை விரலால் தொட்டுக் காட்டினார். அந்த இடத்தில் அப்படி வருவது கடாசிலில் அடிக்கடி காண்கிற அடையாளம்.

2025 ஜனவரி 12

"இது வெள்ளைக்காரரின் வருத்தம், எங்களுக்கு ஏன்" என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை. தென்கொரியாவின் ஜெஜு தீவிலும் தாய்வானிலும் ஒரே மாற்றம், நோட்ச்3 செய்கிற புரதத்தின் 544ஆவது இடத்தில் அர்ஜினின் என்ற அமினோ அமிலம் போய் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் வருகிற மாற்றம், பலரிடம் இருக்கிறது. பின்லாந்தில் 133ஆவது இடத்து மாற்றம் பல குடும்பங்களில் ஓடுகிறது. கொலம்பியாவின் அந்தியோக்கியா மலைப்பகுதிக் குடும்பங்களில் வேறொன்று. ஐரோப்பாவில் கிளினிக்குகளில் எண்ணிப் பார்த்தபோது ஒரு லட்சம் பேரில் 2 முதல் 5 பேர் என்றுதான் வந்தது. பிறகு பொதுமக்களின் மரபணுத் தரவுத்தளங்களைத் திறந்து பார்த்தால் இந்த வகை மாற்றம் 300 பேரில் ஒருவரிடம் இருந்தது, பிரித்தானியாவின் பயோபாங்க் என்ற பெரிய தரவுத்தொகுப்பில் சுமார் 450 பேரில் ஒருவர். ஆசிய மக்களிடம் அது இன்னும் கூடுதல்.

இவ்வளவு பேரிடம் மாற்றம் இருந்தும் இவ்வளவு சிலருக்குத்தான் கடும் வருத்தம் என்றால், பலர் அதைச் சுமந்துகொண்டு லேசான அறிகுறியோடு, அல்லது ஒன்றுமே இல்லாமல், வயதாகிப் போய்ச் சேர்கிறார்கள் என்றுதானே அர்த்தம். தம்பி பயந்துபோயிருப்பதால் இதைத் தனியாக எழுதுகிறேன்: மாற்றம் இருப்பது வேறு, 45இல் விழுவது வேறு.

2025 ஜனவரி 12, மாலை

மேலே விட்டுப்போனதைச் சேர்க்கிறேன், ஏனென்றால் கடிதத்தில் உள்ள எண்ணைப் பார்க்க இது வேண்டும்.

நோட்ச்3 மரபணு செய்கிற புரதம் இரத்தக்குழாய்ச் சுவரில் உள்ள தசைக் கலங்களின் மேல் நிற்கிறது. கலத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் ஒரே மாதிரியான 34 துண்டுகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு துண்டிலும் 6 சிஸ்டீன், அவை சட்டைக் கொக்கிகளைப் போல இரண்டிரண்டாக மாட்டிக்கொள்ளும். கடாசில் மாற்றம் ஒரு சிஸ்டீனைக் கூட்டும் அல்லது குறைக்கும். அப்போது ஒன்று சோடி இல்லாமல் நிற்கும். அந்தப் புரதம் கழியாமல் குழாய்ச் சுவரில் படிந்துகொண்டே வரும், தசைக் கலங்கள் மெல்ல மெல்லச் சாகும், சின்னக் குழாய்கள் தடித்து விறைத்துப்போகும்.

மாற்றம் முதல் 6 துண்டுகளுக்குள் இருந்தால் வருத்தம் முந்தி வரும், 7 முதல் 34க்குள் இருந்தால் பிந்தும். நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகக் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வில் முதல் தடவை வாதம் வருகிற வயதில் இந்த இரண்டுக்கும் 12 வருட வித்தியாசம். அதனால் கடிதத்தை வாங்கியதும் நோட்ச்3க்குப் பக்கத்தில் உள்ள, மாற்றம் எந்த இடத்தில் என்று சொல்கிற எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இங்கே காட்டுகிற டொக்டரிடம் அந்த எண்ணைச் சொல்லுங்கள். ஆனால் அந்த எண்ணை வைத்து வீட்டில் யாருக்கும் நாள் குறிக்காதீர்கள். ஒரே மாற்றம் உள்ள ஒரே குடும்பத்தில்கூட ஒருவர் 40இல் விழுகிறார், மற்றவர் 65இல் தோட்டம் கொத்துகிறார்.

இந்த 12 வருடக் கணக்கு ஒன்றிரண்டு நோயாளர்களை மட்டும் வைத்துக் கண்டிருக்க முடியாது. பெயர் கொடுத்த பல குடும்பங்கள் இருந்தபடியால்தான் அது தெரிந்தது. இரத்தம் கொடுத்து எங்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

2025 ஜனவரி 19

குடிக்கு வருகிறேன். தம்பியின் மாமா மட்டும் அப்படி நினைக்கவில்லை, எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம், நானும் அந்தக் கணக்கிலேயே வளர்ந்தவள். தூர இடத்தவர்கள் இதை வாசித்தால் விளங்குவதற்காக: மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் குடி தாயால் வரும். ஒரே குடிக்குள் கட்ட மாட்டோம். பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளை எடுக்கிற ஊர், மாப்பிள்ளை போய் அங்கே இருப்பார், அவருடைய பிள்ளைகள் அவருடைய குடி இல்லை.

லண்டன் ஆஸ்பத்திரி மச்சாளிடம் குடும்ப மரம் கேட்டது. மூன்று தலைமுறை, யார் யார், எத்தனை வயதில் என்ன வந்தது, எத்தனை வயதில் எதனால் இறந்தார்கள். அவள் எனக்கு அனுப்பினாள், நான் சின்னம்மாவிடம் போனேன். சின்னம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, நினைவு கத்தி மாதிரி. விறாந்தையில் பாயை விரித்துப் பழைய கலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், வருத்தம் வந்தவருக்குக் கறுப்பு நிரப்பு, இறந்தவருக்குக் குறுக்குக் கோடு என்று கீறத் தொடங்கினேன். பெண்கள் பக்கம் ஆறு தலைமுறை மளமளவென்று வந்தது, யார் யாருக்கு மூத்தவள், யாருக்கு எந்த வளவு கொடுத்தது, எல்லாம். ஆண்கள் வந்ததும் சின்னம்மா ஒரே சொல்லில் முடித்துவிடுவார்: "அவன் அங்க கலியாணம் கட்டிப் போயிட்டான்." அவ்வளவுதான். அந்தச் சதுரத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை.

எங்கள் வீட்டில் அம்மாவுக்கு, மாமாவுக்கு, அண்ணனுக்கு, மச்சாளுக்கு. அம்மா, மாமா, அண்ணன் மூன்று பேரும் ஒரே குடி என்பதால் குடிக்குத்தான் ஏதோ சாபம் என்று எல்லோரும் நம்பினார்கள். மச்சாள் அந்த மாமாவின் மகள், அவள் வேறு குடி, அவளுக்கு வந்ததை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. மரத்தைக் கீறி முடித்தபோது கறுப்பு மேலே போய் நின்ற இடம் அம்மாவின் அம்மாவான பெத்தா இல்லை, அம்மாவின் அப்பாவான பெத்தப்பா. காரைதீவில் இருந்து கட்டி வந்தவர், ஐம்பது வயதுக்குள் வாதத்தில் போனவர். எங்கள் குடியே இல்லாதவர். பிறகு காரைதீவில் தேடிப் போனால் அவருடைய அக்காவின் மக்கள், பேரப்பிள்ளைகள் என்று அந்தப் பக்கத்திலும் இளம் வயதில் வாதம். அவர்கள் எங்களோடு போக்குவரத்தே இல்லாமல் இருந்தவர்கள். தங்களுக்குத் தனியாக வந்த சாபம் என்று அவர்களும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே தம்பி, மரம் கீறும்போது உங்கள் அப்பாவின் ஆண் சகோதரர்கள் எந்த ஊரில் கட்டினார்கள், அவர்களின் பிள்ளைகள் எங்கே என்பதைக் கட்டாயம் தேடுங்கள். பெண்கள் பக்கத்தை ஊரே சொல்லும். கலியாணம் கட்டிப் போன ஆண்களைத் தேடிப் போகாவிட்டால் வருத்தத்தில் பாதி மரத்திலேயே வராது.

2025 ஜனவரி 20

இன்னொன்று. எங்கள் மரத்தில் சில சதுரங்களுக்குப் பக்கத்தில் 22, 25, 19 என்று வயது இருக்கிறது. மச்சாளிடம் லண்டன் மரபியல் தாதி, இவர்கள் இளம் வயதில் எதனால் இறந்தார்கள், மூளை வருத்தமா என்று கேட்டிருக்கிறார். 1990இல் காணாமல் போனவர்கள், சண்டையில் செத்தவர்கள், 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோனவர்கள். அவர்களுக்குள் யாரிடம் அந்த மாற்றம் இருந்தது என்று இனி யாரும் சொல்ல முடியாது, வருத்தம் வருகிற வயதுக்கு அவர்கள் வரவே இல்லை. மரத்தில் அவர்களைச் சுகதேகி என்று எண்ணினால் கணக்குப் பிழைக்கும். நாங்கள் ஒவ்வொருவரின் பக்கத்திலும் ஆண்டையும் காரணத்தையும் எழுதி அனுப்பினோம். வெளியில் இருந்து பார்க்கிற ஆராய்ச்சியாளருக்கு இதை நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

2025 பெப்ரவரி 2

"மச்சாளைக் கட்டுகிறபடியால்தானே இதெல்லாம்" என்று அக்கரைப்பற்றில் இருந்து ஒரு சகோதரர் கேட்டிருக்கிறார். கடாசிலுக்கு அது காரணம் இல்லை. ஒரு பிரதி போதும் என்று முதலே சொன்னேன், முன்பின் தெரியாதவரைக் கட்டினாலும் பாதிக்குப் பாதிதான்.

ஆனால் இதற்கு ஓர் உறவு வருத்தம் இருக்கிறது, பெயர் கராசில். அதற்கு இரண்டு பிரதியும் மாறியிருக்க வேண்டும், அங்கே சொந்தத்துக்குள் கட்டுவது உண்மையில் கணக்கில் வரும். 10ஆவது குரோமோசோமில் எச்டிஆர்ஏ1 என்ற மரபணு. ஜப்பானின் நீகாத்தாப் பல்கலைக்கழகக் குழு 2009இல் அதைக் கண்டுபிடித்தது. இருபது, முப்பது வயதில் தலைமயிர் கொட்டுவது, கடும் நாரி நோவு (இடுப்பு வலி), பிறகு வாதம் என்று வரும். அந்த மரபணுவில் ஒரு பிரதி மட்டும் மாறினாலும் சிலருக்குப் பிந்திய வயதில் சின்னக்குழாய் வருத்தம் வரலாம் என்று 2015இல் பாரிஸ் குழு காட்டியது. அதனால் இளம் வயது வாதம் பல பேருக்கு உள்ள குடும்பத்தில் நோட்ச்3 சுத்தம் என்று வந்தால் அத்தோடு விட்டுவிடாமல் இதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

2025 பெப்ரவரி 3

தங்கச்சியின் கலியாணத்தைப் பற்றி நேற்றும் யோசித்தேன். சுகமாக இருக்கிற ஒருவருக்குப் பரிசோதனை செய்வது என்பது வருத்தம் வந்தவருக்குச் செய்வது போல் இல்லை. முறையான இடங்களில் முதலில் மரபியல் ஆலோசனை, யோசிக்க நேரம், பிறகுதான் இரத்தம். 18 வயதுக்குக் குறைந்த சுகமான பிள்ளைகளுக்குச் செய்ய மாட்டார்கள், அவர்கள் வளர்ந்து தாங்களே முடிவெடுக்கட்டும் என்று விடுவார்கள். அறிந்துகொள்ளாமல் இருக்கிற உரிமையும் ஒருவருக்கு உண்டு. தங்கச்சிக்குப் பதிலாக மாமாவோ நீங்களோ முடிவெடுக்க முடியாது.

நான் இன்னும் என் முடிவைக் கேட்டு அறிந்துகொள்ளவில்லை. ஆய்வுக்கு இரத்தம் கொடுத்தேன், எனக்குரிய விடையை நான் கேட்காத வரைக்கும் சொல்லக்கூடாது என்ற கட்டத்தில் கையெழுத்து வைத்தேன். அண்ணன் மகள் எனக்கு எதிர், அவள் கேட்டு அறிந்துகொண்டாள், அறிந்த பிறகுதான் நித்திரை வந்தது என்கிறாள். இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் சாப்பிடுகிறோம்.

2025 பெப்ரவரி 23

மாமாவின் இரண்டாவது பேச்சுக்கு, அதாவது வெளிநாட்டுக்காரனுக்கு ஏன் இரத்தம் கொடுக்கிறீர்கள் என்பதற்கு, வெறும் பயம் என்று பதில் சொல்ல எனக்கு மனம் வராது. பல வருடத்துக்கு முன் வேறொரு வருத்தத்துக்காக ஒரு குழு எங்கள் ஊருக்கு வந்து, பள்ளிக்கூடத்தில் மேசை போட்டுக் குழாய் குழாயாக இரத்தம் எடுத்துக்கொண்டு போனது. தாள் ஆங்கிலத்தில், கையெழுத்து எங்களது. பிறகு ஒரு கடிதம்கூட வரவில்லை. பெயர் எழுத விரும்பவில்லை, ஆனால் ஊர் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது.

அதனால் இந்த முறை நாங்கள் கேட்டுத்தான் கொடுத்தோம். கேட்டவை: விளக்கத் தாளும் சம்மதப் படிவமும் தமிழில் வேண்டும், வாசித்துக் காட்ட ஆள் வேண்டும். இலங்கையில் உள்ள ஒரு நெறிமுறைக் குழு பார்த்து அனுமதித்த கடிதம் வேண்டும், வெளிநாட்டு அனுமதி மட்டும் போதாது. மாதிரி நாட்டுக்கு வெளியே போகிறதென்றால் எங்கே, யார் பொறுப்பு, எத்தனை வருடம் வைப்பார்கள், வேறு ஆய்வுக்கு எடுப்பார்களா என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இடையில் விலகினால் மாதிரியை அழிப்பார்களா? விடை வேண்டும் என்கிறவருக்கு விடை எப்படி வரும், தபாலிலா, ஒரு டொக்டர் முன்னால் இருத்தி வைத்தா? இங்குள்ள டொக்டர் ஒருவர் அந்த ஆய்வில் பெயரோடு இருக்கிறாரா, இல்லை வெறும் இரத்தம் எடுத்து அனுப்புகிறவரா?

கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியம். வெளிநாட்டுக் குழு நிதி முடிந்ததும் போய்விடும், அண்ணனை மாதாமாதம் பார்க்கப்போவது இங்குள்ளவர். அவருக்கு இந்த வருத்தத்தைப் பற்றிய அறிவு ஆய்வின் மூலம் வந்து சேரவில்லை என்றால் எங்களுக்கு மிஞ்சுவது ஊசி குத்திய இடம்தான்.

ஆய்வுக் கூடத்தில் கிடைக்கிற விடையும் மருத்துவப் பரிசோதனை அறிக்கையும் ஒன்றல்ல. ஆய்வில் ஆம் என்று வந்தால் அங்கீகாரம் பெற்ற கூடத்தில் மறுபடி உறுதிப்படுத்த வேண்டும். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் 1983இல் தொடங்கிய மனித மரபியல் பிரிவு இருக்கிறது, மரபியல் ஆலோசனைக்கு எந்த வழியில் போவது என்று மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலோ உங்கள் ஊருக்குக் கிட்டிய ஆதார வைத்தியசாலையிலோ காட்டுகிற டொக்டரிடம் கேளுங்கள்.

2025 மார்ச் 9

கொலம்பியாவைப் பற்றி இன்னும் எழுதச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். மெதெயின் நகரத்தில் பிரான்சிஸ்கோ லோபேரா என்ற நரம்பியல் டொக்டர், அந்தியோக்கியாப் பல்கலைக்கழகத்தில் இருந்தவர், நாற்பது வருடமாக மலைக்கிராமங்களில் வீடு வீடாகப் போய்க் குடும்ப மரங்களைச் சேர்த்தார். அவருடைய பெரிய வேலை இளம் வயதில் வருகிற பரம்பரை அல்சைமர் பற்றியது. அதே குழு கடாசில் குடும்பங்களையும் கண்டுபிடித்தது. 455ஆவது இடத்தில் சிஸ்டீன் மாறியதால் மிக முந்தி வாதம் வருகிற ஒரு கொலம்பியக் குடும்பத்தை 2002இல் பொஸ்டன் ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து வெளியிட்டார்கள். அங்கே வன்செயல் உச்சத்தில் இருந்த காலங்களிலும் வேலை நிற்கவில்லை. லோபேரா 2024 செப்டெம்பரில் காலமானார்.

இதில் என்னைப் பிடித்த விடயம், மரமும் குடும்பங்களோடுள்ள நம்பிக்கையும் மெதெயினில் இருந்தன, பொஸ்டன் அங்கே தேடி வந்தது. மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிப்பிக்கிற பீடம் இருக்கிறது. குடி வரலாறு சொல்லத் தெரிந்த சின்னம்மாமார் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். இளம் வயது வாதம் வந்தவர்களின் குடும்ப மரத்தை ஆண்வழியும் சேர்த்துக் கீறிப் பூட்டி வைக்கிற ஒரு பதிவேட்டை இங்கேயே தொடங்கினால், அடுத்த முறை யாராவது வரும்போது அவர்கள் நம்முடைய நிபந்தனையில் வருவார்கள்.

கடாசிலைக் கண்டுபிடித்த பாரிஸ்காரரும் அப்படித்தான் தொடங்கினார்கள். 1976இல் மரி ஜெர்மேன் பூஸே என்ற டொக்டரிடம் வந்த ஒரே ஒரு நோயாளி, பிறகு அவருடைய குடும்பம். 1993இல் குரோமோசோம் தெரிந்தது, 1996இல் மரபணு. அவரோடு எலிசபெத் தூர்னியே லாசேர்வ், ஆன் ஜூதெல், ஊக் ஷாப்ரியா, நால்வருக்கும் 2019இல் மூளை ஆராய்ச்சிக்கான பிரெய்ன் பரிசு கொடுத்தார்கள்.

2025 மார்ச் 10

"இத்தனை வருடம் ஆகியும் மருந்து எங்கே" என்று கேட்டவருக்கு: வருத்தத்தை நிறுத்துகிற மருந்து இன்னும் இல்லை. டொனெபெசில் என்ற மறதி மருந்தைப் பல நாடுகளில் இருந்து 168 கடாசில் நோயாளர்களைச் சேர்த்துப் பரிசோதித்து 2008இல் வெளியிட்டார்கள், முக்கிய அளவுகோலில் பலன் இல்லை. அதையும் வெற்றி இல்லை என்று தள்ள மாட்டேன். அரிதான வருத்தத்துக்கும் நாடு தாண்டி ஆள் சேர்த்து முறையான பரிசோதனை செய்யலாம் என்று அது காட்டியது. ஜப்பானில் அட்ரினோமெடுலின் என்ற பொருளை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். லெய்டனில், பிழையான துண்டையே தாண்டி மரபணுவை வாசிக்க வைத்துச் சிஸ்டீன் சோடியைச் சரிசெய்கிற வழியைக் கலங்களில் செய்து காட்டினார்கள். சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் அவுஸ்கடாசில் என்று ஓர் ஆய்வு நோயாளர்களைத் தொடர்ந்து பார்த்து வருகிறது, தம்பியின் பெரியப்பா மகன் தன் டொக்டரிடம் அதைப் பற்றிக் கேட்கலாம்.

இன்றைக்கே செய்யக்கூடியது பிரஷரைக் கட்டுக்குள் வைப்பதும் புகையிலையை விடுவதும். புகைக்கிறவர்களுக்கு வாதம் முந்தி வருகிறது என்பது பல நாட்டு ஆய்வுகளில் வந்த ஒன்று. சிகரெட், பீடி, சுருட்டு எதுவும் வேண்டாம், வெற்றிலையோடு போடுகிற புகையிலையையும் விடுங்கள். எங்கள் பக்கத்துச் சாப்பாட்டில் கருவாடும் ஊறுகாயும் நாளாந்தம், பிரஷர் உள்ளவருக்கு அந்த உப்பு ஆகாது. அண்ணனுக்குக் கருவாட்டை நிறுத்தப் பட்ட பாடு பெரிது, சண்டைதான். இன்னொன்று, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இரத்தக் கட்டைக் கரைக்கிற ஊசி போடுவதற்கு முன், குழாய்க்குள் சாயம் விட்டுப் படம் எடுப்பதற்கு முன், ஒற்றைத் தலையிடிக்கு டிரிப்டான் வகை மாத்திரை எழுதுவதற்கு முன், கடாசில் என்று சொல்லிவிடுங்கள். அதை ஒரு துண்டில் எழுதி அடையாள அட்டையோடு வைத்திருக்கச் சொல்லி அண்ணனுக்குக் கொடுத்திருக்கிறேன். போடுகிற மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

2025 ஏப்ரல் 20

வருசத்துக்கு அண்ணன் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். ஒன்று எழுதாமல் விட்டேன், வாதத்தைவிட வீட்டை உடைப்பது அதுதான். அண்ணன் முன்பு திருவிழாவுக்கு முன்னின்று பந்தல் போடுகிறவர். பிறகு ஒன்றிலும் மனம் இல்லை. குளிக்கச் சொன்னால் குளிப்பார், சொல்லாவிட்டால் இல்லை. அண்ணி அதைச் சோம்பல், பிடிவாதம் என்று நினைத்து வருடக்கணக்கில் சண்டை பிடித்தார். பாரிஸ் குழு பார்த்த நோயாளர்களில் 10இல் 4 பேர் அளவில் இந்த நாட்டமின்மை இருக்கிறது, அது வருத்தத்தின் ஒரு பகுதி, மனச்சோர்வு இல்லாதவர்களுக்கும் வருகிறது. அதை வாசித்துச் சொன்ன நாள் அண்ணி குசினிக்குள் போய் நெடுநேரம் வெளியே வரவில்லை. ஆராய்ச்சியால் எங்கள் வீட்டுக்கு வந்த பலன் என்ன என்று என்னைக் கேட்டால், மருந்துக்கு முதல் இதைச் சொல்வேன்.

2025 மே 4

தம்பி தனியாக எழுதியிருந்தார், அவர் சம்மதத்தோடு இங்கே போடுகிறேன். அப்பாவை முதலில் பரிசோதிக்க வீட்டார் ஒத்துக்கொண்டார்கள். மாமாவும் வந்தாராம், சித்தப்பாமார் கட்டிப் போன ஊர்களை அவர்தான் ஒவ்வொன்றாகச் சொன்னாராம், தம்பிலுவிலில் ஒருவர், பொத்துவிலில் ஒருவர். தங்கச்சி இப்போதைக்கு வேண்டாம் என்றிருக்கிறார், சரி, அது அவருடைய முடிவு.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது சிட்னிக் கடிதத்தின் பிரதி, அப்பாவின் பழைய கிளினிக் கொப்பி, மரம் கீறிய தாள் மூன்றையும் கொண்டுபோங்கள். எம்ஆர்ஐ எடுத்தால் அறிக்கையோடு படத்தை சீடியில் கேட்டு வாங்குங்கள். ஃபிலிமைப் போனில் படம் பிடித்து அனுப்பினால் வெளிநாட்டுக் குழுவால் திட்டுகளை அளக்க முடியாது, மச்சாளின் டொக்டர் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டது அதைத்தான். சீடி தர மாட்டோம் என்று சொன்னால் பென் டிரைவ் ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.